டிஸ்கஸுக்கு என்ன போடலாம்?

டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசைப்படுகிற எல்லோரும் தண்ணீரைப் பற்றி மாய்ந்து மாய்ந்து படிக்கிறார்கள். டி.டி.எஸ். எவ்வளவு, பி.எச். எவ்வளவு, ஆர்.ஓ. தண்ணீர் எத்தனை பங்கு, ஹீட்டர் எத்தனை வாட் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கொளத்தூர் போய் மீனை வாங்கி, கிளம்பும்போது கடைக்காரர் எடுத்து நீட்டுகிற ஏதோ ஒரு தீனி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தண்ணீருக்குக் கொடுத்த கவனத்தில் கால் பங்குகூடத் தீனிக்குக் கிடைப்பதில்லை.

அப்புறம் சில மாதம் கழித்து எனக்குச் செய்தி வரும். "அண்ணா, மீன் கறுத்துப்போய் மூலையிலேயே நிக்குது", "நெற்றி ஒட்டிப்போச்சு", "வெள்ளையா நூல் மாதிரி கழிவு போகுது". தண்ணீர் அளவெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். "சரி தம்பி, என்ன போடுறீங்க? எத்தனை வேளை?" என்று கேட்டால் அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. "புழுதான் அண்ணா. அதைத்தான் நல்லா சாப்பிடுது."

நல்லா சாப்பிடுவது வேறு, நல்லதைச் சாப்பிடுவது வேறு. இந்தப் பதிவு முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிஸ்கஸ் தீனி பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பண்ணைக்காரர்களிடமிருந்து வந்தவை. பினாங்கு, பாங்காக், ஜெர்மனி, நம்ம கொளத்தூர், எங்கே எடுத்தாலும் பண்ணையின் நோக்கம் ஒன்றுதான்: குஞ்சு சீக்கிரம் வளர வேண்டும், விற்கும் அளவுக்குச் சீக்கிரம் வர வேண்டும். அதற்கேற்ற தீனியைக் கொடுக்கிறார்கள், அதற்கேற்ற மாதிரி தினமும் தண்ணீரை மாற்றுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, அதில் தவறில்லை. நாம் வீட்டில் வளர்ப்பது அதே மீனைப் பத்து வருஷம் பார்ப்பதற்காக. நல்ல கவனிப்பில் டிஸ்கஸ் அத்தனை காலம் இருக்கும். ஆறு மாதத்தில் அளவு கூட்டும் தீனி, பத்து வருஷத்துக்கு ஈரலைக் காப்பாற்றும் தீனியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்த மீன் சொந்த ஊரில் என்ன சாப்பிடுகிறது என்று பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1840-ல் வியன்னாவில் ஹெக்கல் என்ற ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார். பின்னாளில் வந்த தொட்டிக்காரர்கள் இதை ஒரு மாமிசப் பிராணியாகவே நினைத்து வந்தார்கள். வில்லியம் கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் பிரேசிலின் மேல் அமேசானில், வெள்ளச் சமவெளி ஏரிகளில் வாழும் டிஸ்கஸ்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வயிற்றைத் திறந்து பார்த்தால் இருந்தது பெரும்பாலும் மூழ்கிய கிளைகளின் மேல் படியும் பாசிப் படலம், மக்கிய தாவரத் துகள், இலை, செடித் துணுக்கு. அவற்றோடு சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகள், புழுக்கள், ஓட்டுயிரிகள். குடலும் நீளம். இறைச்சி மட்டும் தின்னும் மீனுக்கு அவ்வளவு நீளக் குடல் தேவைப்படாது.

உடனே "அப்போ கீரை மட்டும் போடலாமா?" என்று கேட்காதீர்கள். வளரும் டிஸ்கஸ் குஞ்சுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று பினாங்கில் உள்ள சைன்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்தினர் சோதித்துப் பார்த்து 2000-ல் எழுதினார்கள். தீனியில் 45 முதல் 50 சதவீதம் வரை புரதம் இருந்தபோதுதான் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. இது நிறைய. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: புரதம் வேண்டும், ஆனால் அது நீரில் வாழும் உயிர்களிடமிருந்து வர வேண்டும், கூடவே பச்சையும் வேண்டும், எல்லாம் சின்னச் சின்ன வாயாக, நாள் முழுக்கப் பரவி உள்ளே போக வேண்டும்.

இந்த மீன் சாப்பிடும் விதத்தையே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். தொட்டியின் அடியில் மணல் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். உடம்பை முன்பக்கமாகச் சாய்த்து, வாயைக் குவித்து, மணலின் மேல் ஒரு சின்ன நீர்ப் பாய்ச்சலை ஊதும். மணல் விலகும். உள்ளே இருக்கும் துகள் மேலே எழும்பும். எழும்பிய துகள்களில் ஒன்றைப் பொறுக்கும், பிடிக்காததைத் துப்பும், மறுபடி ஊதும். அவசரமே இருக்காது. தட்டுப்போல அகன்ற உடம்புக்கு வாய் அவ்வளவு சிறியது. மேலே மிதக்கும் பெரிய உருண்டை பெல்லெட்டைத் துரத்திப் பிடிக்க இந்த மீன் படைக்கப்படவில்லை. அதனால் டிஸ்கஸுக்கு வாங்கும் தீனி மெதுவாக மூழ்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் குருணை அளவில் இருக்க வேண்டும். போடுவதற்கு முன் தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த குருணை வயிற்றுக்குள் போய் ஊதுவதைவிடக் கிண்ணத்திலேயே ஊறிக்கொள்வது நல்லது.

காய்ந்த தீனியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். என் வீட்டில் அதுதான் அன்றாடச் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குமேல். வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு எல்லாம் அளவாகக் கலந்து கிடைப்பது நல்ல குருணையில் மட்டும்தான். டப்பாவைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். முதல் இரண்டு மூன்று இடங்களில் மீன் தூள், கிரில், இறால், கணவாய் என்று இருந்தால் மேலே படியுங்கள். கோதுமை மாவும் சோயாவும் முன்னால் நின்றால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். புரதம் 45 சதவீதத்தை ஒட்டியோ மேலேயோ இருக்கட்டும், கொழுப்பு பத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்பைருலினா, கெல்ப் போன்ற பாசிகளின் பெயர் பட்டியலில் கொஞ்சம் மேலேயே தென்பட்டால் நல்ல அறிகுறி.

இன்னொன்று, நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரப்பதத்துக்கும் ரொம்ப முக்கியமானது. கிலோ கணக்கில் லூஸாகக் கட்டித் தரும் தீனியை வாங்காதீர்கள். பெரிய மூட்டை பிரித்து எத்தனை நாள் ஆயிற்று, எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. காற்றுப் பட்டால் மீன் எண்ணெய் காறிப்போகும். வைட்டமின் சி மெல்ல மெல்ல அழியும், அதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் திறன் டிஸ்கஸுக்குக் கிடையாது. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சைகள் விடும் அஃப்ளாடாக்சின் நேராக ஈரலைத்தான் தாக்கும். சின்ன டப்பாவாக வாங்குங்கள். பிரித்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். பிரித்து மூன்று மாதத்துக்குள் தீராத அளவை வாங்கவே வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நிம்மதி.

சரி, புழு விஷயத்துக்கு வருவோம்.

டியூபிஃபெக்ஸ் புழுவைப் போட்டால் டிஸ்கஸ் பாய்ந்து தின்னும், சந்தேகமே இல்லை. மலிவு, சத்தும் உண்டு, குஞ்சுகள் கண்ணெதிரே பெருக்கும். ஆனால் அந்தப் புழு எங்கே வாழ்கிறது என்று யோசியுங்கள். ஆக்சிஜன் குறைந்த, கழிவு சேர்ந்த சேற்றில்தான் அது கூட்டம் கூட்டமாக வாழும். உடம்பு சிவப்பாக இருப்பதே அந்த மூச்சுமுட்டும் இடத்தில் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஹீமோகுளோபினால். சாக்கடைக் கால்வாய்ச் சேற்றை அலசி எடுத்த புழுவை வீட்டில் எத்தனை முறை கழுவினாலும் வெளியேதான் கழுவ முடியும், அதன் குடலுக்குள் இருக்கும் சேற்றைக் கழுவ முடியாது. கன உலோகம், பாக்டீரியா, ஒட்டுண்ணி எல்லாம் அதோடு வரும். குளிர்நாடுகளில் ட்ரவுட் மீன்களைச் சுழன்று சுழன்று சாகவைக்கும் நோயின் ஒட்டுண்ணி, தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பாதியை இந்தப் புழுவுக்குள்தான் கழிக்கிறது. அந்த நோய் நம் டிஸ்கஸுக்கு வராது. ஆனாலும் புழு என்பது வெறும் சத்து இல்லை, அது ஒரு வாகனமும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? உயிர்ப்புழுவை என் தொட்டிப் பக்கம் நான் விடுவதில்லை. காயவைத்துக் கட்டியாக வரும் புழு கொஞ்சம் தேவலை, ஆனால் அதையும் நான் தேடிப்போய் வாங்குவதில்லை.

பிளட் வார்ம் வேறு ரகம். கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் லார்வா அது. நல்ல நிறுவனத்தின் ஃப்ரோசன் கட்டி, கிருமி நீக்கம் செய்தது என்று அட்டையில் போட்டிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதையே முழுச்சாப்பாடாக்க முடியாது. எடையில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்தான், வைட்டமினும் தாதுவும் போதாது. அதைவிட முக்கியம், அதன் ருசிக்குப் பழகிய மீன் குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும். கட்டியை அப்படியே தொட்டியில் போடாமல், டீ வடிகட்டியில் வைத்துக் கரையவிட்டு, சிவப்பு நீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். அந்த நீர் மீன் வயிற்றுக்குப் போகாது, தொட்டியைக் கெடுக்க மட்டும் செய்யும். காய்ந்த பிளட் வார்மைக் கையாளும்போது சிலருக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சுத்திணறல் வரும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினே மனிதர்களுக்கு வலுவான ஒவ்வாமைப் பொருள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் காய்ந்த டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

ஃப்ரோசன் தீனிக்கு நம்ம ஊரில் இன்னொரு சோதனை மின்வெட்டு. கடையில் இருக்கும்போதே உருகி மறுபடி உறைந்த பாக்கெட்டை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: கட்டங்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று இழைந்திருக்கும், ஓரத்தில் சிவப்புப் பனி படிந்திருக்கும். அதை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பீஃப் ஹார்ட். டிஸ்கஸ் உலகத்தில் இதைவிடச் சூடான வாதம் கிடையாது. உலகம் முழுக்கப் பல பண்ணைகள் மாட்டு இதயத்தை அரைத்துப் போட்டுத்தான் சாம்பியன் மீன்களை வளர்த்தன. கொழுப்பையும் நரம்பையும் சுத்தமாக நீக்கிய இதயத் தசையில் கொழுப்பு குறைவு, புரதம் அதிகம். இதெல்லாம் உண்மை. ஆனால் அப்படிச் சுத்தமாக நீக்குகிறவர்கள் எத்தனை பேர்? மாட்டுக் கொழுப்பு உருகவே 40 டிகிரிக்கு மேல் வேண்டும். டிஸ்கஸின் உடம்பு தொட்டித் தண்ணீரின் வெப்பத்தில்தான் இருக்கும், 29 டிகிரி. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயைப் போல அந்தக் கொழுப்பு அங்கே இறுகித்தான் இருக்கும். மீனின் உடம்பு பழகிய கொழுப்பு வேறு வகை, 29 டிகிரியிலும் இளக்கமாகவே இருப்பது. கடலுணவில் இருக்கும் ஒமேகா-3 மாட்டிறைச்சியில் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே போட்டால் ஈரலில் கொழுப்பு படியும். வெளியே பார்த்தால் மீன் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருக்கும்.

தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, சில மாதத்தில் மீனை விற்றுவிடும் பண்ணைக்கு பீஃப் ஹார்ட் சரிப்படலாம். வீட்டு வரவேற்பறைத் தொட்டிக்கு அது தேவையே இல்லை என்பது என் முடிவு. அதே வேலையை இறாலும் மீனும் இன்னும் நன்றாகச் செய்யும்.

இறாலும் மீனும் சேர்த்து நான் செய்யும் கலவையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் இதில் ரொம்ப நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

இறால் அரை கிலோ, ஓடு, தலை, முதுகு நரம்பு எடுத்தது. சந்தையில் கிடைக்கும் வனாமி இறாலே போதும். கொழுப்பு குறைந்த வெள்ளை மீன் கால் கிலோ, முள் இல்லாமல். நான் ஜிலேபி மீன் போடுவேன். ஜிலேபி, கேரளத்துக் கரிமீன், டிஸ்கஸ் மூன்றும் ஒரே சிக்லிட் குடும்பம், அதனாலேயே இதைப் பச்சையாகப் போடக்கூடாது. நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுலபமாகத் தாவும். இன்னொரு காரணமும் உண்டு. பல மீன்களின் பச்சைத் தசையில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மத்தியையும் நெத்திலியையும் பச்சையாக அரைத்துத் தொடர்ந்து போடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே மீனையும் இறாலையும் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு, மஞ்சள், எதுவும் வேண்டாம்.

பாலக் கீரை ஒரு கைப்பிடி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பிழிந்தது. பச்சைப் பட்டாணி நூறு கிராம், வேகவைத்துத் தோல் உரித்தது. தோல் உரிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள், அந்தத் தோல் மீனுக்குச் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். ஸ்பைருலினா தூள் இரண்டு டீஸ்பூன். பூண்டு இரண்டு பல். பூண்டை மருந்தாக நினைத்துப் போட வேண்டாம், புதுத் தீனியை மீன் முகர்ந்து பார்க்க வைக்கும் வாசனை அது, அவ்வளவே. எல்லாவற்றையும் மிக்ஸியில் அரையுங்கள். மைய அரைக்கக்கூடாது, ரவை பதம் போதும். பெரிய மீன்களுக்குக் கொஞ்சம் கரகரப்பாகவே இருக்கலாம்.

இனி கட்டுவதற்கு. எல்லாச் சமையல் குறிப்பும் ஜெலட்டின் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், டிஸ்கஸ் தொட்டி அந்த எல்லையிலேயே நிற்கிறது. போட்ட சில நிமிடத்தில் கலவை கரைந்து தண்ணீர் கலங்குவதற்கு அதுதான் காரணம். அகர் அகர் ஒருமுறை கட்டிவிட்டால் 85 டிகிரி வரை அசையாது. கடல்பாசியிலிருந்து எடுப்பது, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு கிலோ கலவைக்குப் பத்து கிராம் அகர் அகர் தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்து, இளஞ்சூடாக இருக்கும் கலவையில் ஊற்றி விரைவாகக் கிளறுங்கள். கலவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியில் இருந்தால் அகர் ஊற்றிய இடத்திலேயே திட்டுத்திட்டாக இறுகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மீன்களுக்கான வைட்டமின் சொட்டு மருந்தைச் சேருங்கள், முன்னாலேயே சேர்த்தால் சூட்டில் பாதி போய்விடும். ஜிப் கவரில் போட்டு, பூரிக்கட்டையால் அப்பளம் கனத்துக்குச் சற்று மேலாகத் தேய்த்து, ஸ்கேலால் கட்டம் அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த பிறகு சாக்லேட் பட்டையாக உடைத்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தினம் ஒரு வேளை இந்தக் கலவை, மற்ற வேளைகளில் குருணை, நடுவில் எப்போதாவது பிளட் வார்ம் அல்லது ஆர்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். என் தொட்டியின் வாரம் இப்படித்தான் ஓடுகிறது.

எத்தனை வேளை? இரண்டரை, மூன்று அங்குலக் குட்டிகளுக்கு நாளைக்கு நான்கு ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக. இந்த வயதில் பட்டினி போட்டால் உடம்பு வட்டமாக வளராமல் நீண்டுபோகும், கண் மட்டும் பெரிதாகத் தெரியும். பின்னால் எவ்வளவு கொட்டினாலும் அது சரியாகாது. வேலைக்குப் போகிறவர்கள் இத்தனை வேளை போட முடியாதென்றால் குட்டியை வாங்காதீர்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து நான்கரை, ஐந்து அங்குல மீனாக வாங்குங்கள். வளர்ந்த மீனுக்கு இரண்டு மூன்று வேளை போதும், வாரத்தில் ஒரு நாள் விரதம் வைத்தாலும் நல்லதே.

தீனியைத் தேர்ந்தெடுப்பது என்றால் தண்ணீரையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது என்றே சொல்வேன். ஒரு சின்னக் கணக்கு. 50 சதவீதப் புரதம் உள்ள தீனி பத்து கிராம் போட்டால் அதில் ஐந்து கிராம் புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 0.8 கிராம். இதில் மீனின் சதையாக மாறுவது ஒரு பகுதிதான். மிச்சத்தில் பெரும்பாலானது செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். அந்த அம்மோனியா எவ்வளவு நஞ்சு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நஞ்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் ஏழு சதவீதத்துக்கும் மேல். சென்னையில் பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும் போர் தண்ணீரில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அதே பிடித் தீனி, வேறொருவர் தொட்டியில் செய்யாத கேட்டை உங்கள் தொட்டியில் செய்யும். பத்து நிமிடத்தில் தின்று தீராததைச் சின்ன டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கரண்ட் போனால் தீனி கிடையாது. ஃபில்டர் ஓடாத தொட்டியில் போடும் ஒவ்வொரு குருணையும் மீனுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

நிறம் பற்றியும் கேட்பார்கள். தாய்லாந்திலிருந்து 1990-களின் தொடக்கத்தில் பிஜன் பிளட் வகை வந்த பிறகு சிவப்புக்கு ஒரு மோகம் பிடித்தது. மீனால் கரோட்டினாய்டு நிறமிகளைத் தானே உண்டாக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். இறாலிலும் கிரில்லிலும் இருக்கும் அஸ்டாக்ஸாந்தின் சிவப்பையும் ஆரஞ்சையும் தூக்கிக் காட்டும், அது இயற்கையான வழி. ஆனால் டர்க்காய்ஸ், கோபால்ட் வகைகளின் நீலம் நிறமியே இல்லை, தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி சிதறுவதால் வருவது. நீலத்தை ஏற்றும் தீனி என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று, ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றிய குட்டிகள் சந்தைக்கு வருவது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இரண்டு அங்குலக் குட்டி பெரிய மீனைப்போலத் தலை முதல் வால் வரை ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் அந்த நிறம் வடிந்துவிடும், இனப்பெருக்கத் திறனும் கெட்டிருக்கும்.

ஜோடி சேர்ந்து முட்டை வைத்தவர்களுக்கு ஒரு பத்தி. டிஸ்கஸ் குஞ்சுகளின் முதல் சாப்பாட்டை நாம் தேட வேண்டியதே இல்லை. அப்பா, அம்மா இரண்டின் தோலிலும் சுரக்கும் சளியைத்தான் அவை கொத்தித் தின்னும். 2010-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டையிட்ட உடனேயே அந்தச் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுகின்றன. பாலூட்டிகளிடம் நாம் காண்கிற அதே ஏற்பாடு, ஒரு மீனிடம். அதனால் முட்டைக்கு முந்தைய வாரங்களில் பெற்றோருக்கு என்ன போட்டீர்கள் என்பது நேராகக் குஞ்சின் வயிற்றுக்குப் போகிறது. இறால் கலவையை அப்போது ஒரு வேளை கூட்டுங்கள். குஞ்சு நீந்தத் தொடங்கி ஒரு வாரத்திலிருந்து அப்போதைக்கப்போது பொரித்த ஆர்டீமியா கொடுக்கலாம். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி வெப்பம், தொடர்ந்து காற்று, மேலே ஒரு விளக்கு. ஒரு நாளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரியும். பொரித்த சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அது தன் கருச்சத்தைத் தானே தின்று தீர்க்க ஆரம்பித்துவிடும், மறுநாள் போட்டால் பாதி வெறுங்கூடு. முட்டை ஓட்டைப் பிரித்துவிட்டுப் போடுங்கள், ஓடு குஞ்சின் குடலை அடைக்கும்.

மீன் நலமா என்று தெரிந்துகொள்ளத் தினமும் இரண்டு இடத்தைப் பாருங்கள்: நெற்றி, கழிவு. கண்ணுக்கு மேலே நெற்றி சதைப்பிடிப்போடு இருக்க வேண்டும். கத்தி விளிம்பாக ஒட்டினால் நெடுநாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். கழிவு தின்ற தீனியின் நிறத்திலேயே, கனமாக, உடனே உதிர்ந்து விழ வேண்டும். வெள்ளையாக, சளியாக, நூலாகத் தொங்கிக்கொண்டே திரிந்தால் குடலில் கசையிழை ஒட்டுண்ணிகள் பெருகியிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே இப்படிப் போனால் காத்திருக்காதீர்கள், விஷயம் தெரிந்தவரிடம் காட்டி மெட்ரோனிடசோல் சிகிச்சையைத் தொடங்குங்கள். மீன் சாப்பிடும்போதே தீனியில் மருந்தைக் கலந்து கொடுத்துவிட முடியும். சாப்பாட்டை நிறுத்திவிட்டால் தண்ணீரில் போடுவது ஒன்றே வழி, அதில் பலன் குறைவு.

புதிதாக வந்த மீன் சில நாள் வாயே திறக்காது. அது பயம். விளக்கைக் குறைத்து, ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, நாளுக்கு ஒரு வேளை கொஞ்சம் பிளட் வார்ம் காட்டுங்கள், தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். கூட்டமாக இருந்தால் ஒன்று தின்னத் தொடங்கியதும் மற்றவை கற்றுக்கொள்ளும். ஆறு மீனுக்குக் குறையாமல் வளர்க்கச் சொல்வது இதற்காகவும்தான். அந்த ஆறில் ஒரு தாதா இருக்கும், ஒரு நோஞ்சானும் இருக்கும். தீனியை ஒரே மூலையில் போட்டால் தாதாவுக்கு மட்டும்தான் சாப்பாடு. இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது. பொங்கலுக்கு நான்கு நாள், ஐந்து நாள் என்றால் வளர்ந்த டிஸ்கஸ் சாப்பிடாமலே இருந்துவிடும், ஒன்றும் ஆகாது. கிளம்பும் முந்தைய நாள் தண்ணீரை மாற்றிவிட்டு, அன்று கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டுப் போங்கள். தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர் பாசத்தோடு கை நிறையப் போடுவார். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய குருணையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே தேதி எழுதி, அவற்றை மட்டும் கொடுங்கள். டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.